விலை ஏறவில்லை, நிறை இறங்கியது

தேயிலைத் தோட்டத்துக் கடையில் ஒரு பிஸ்கட் பக்கெட்டின் விலை பத்து ரூபாய் ஏறினால் அன்று மாலைக்குள் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் முழுவதும் செய்தி பரவிவிடும். அதே பக்கெட்டுக்குள் இருக்கும் பிஸ்கட் பத்துக் கிராம் குறைந்தால் மாதக்கணக்கில் யார் வாயிலும் பேச்சு வராது. விலையைத் தொடாமல் பொருளின் அளவைக் குறைத்து விற்கும் இந்த வழக்கத்தைப் பொருளியலில் 'ஷ்ரிங்க்ஃபிளேஷன்' என்கிறார்கள். மறைமுக விலையேற்றம் என்று நாம் சொல்லலாம். பெயர் எதுவானாலும் இதுவும் விலையேற்றம்தான். கையை விட்டுப் போகும் பணம் அதே. வீட்டுக்கு வரும் பொருள் குறைவு. இலங்கை மலையகத்தில் சம்பளத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், போராடுகிறோம். அந்தச் சம்பளத்துக்கு எத்தனை கிராம் வாங்க முடிகிறது என்பதையும் அதே அக்கறையோடு பேச வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் பிஸ்கட் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் விலையை அப்படியே விட்டுவிட்டு நிறையை 80 கிராமாக்குகிறது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, ஆகவே விலை 20 சதவீதம் ஏறியிருக்கிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். அது தவறு. 80 கிராமுக்கு 100 ரூபாய் என்றால் ஒரு கிராம் 1 ரூபாய் 25 சதம். முன்பு தின்ற அதே 100 கிராமைத் தின்ன வேண்டுமானால் இப்போது 125 ரூபாய் வேண்டும். ஏற்றம் 25 சதவீதம். நிறை எவ்வளவு சதவீதம் குறைகிறதோ, உண்மையான விலை அதைவிட அதிக சதவீதம் ஏறும். நிறை பாதியானால், அதாவது 50 சதவீதம் குறைந்தால், விலை இரட்டிப்பாகிவிட்டது என்று அர்த்தம். அது 100 சதவீத ஏற்றம்.

கணக்கு இதோடு முடியாது. சில மாதங்கள் கழித்து அதே 80 கிராம் பக்கெட் 110 ரூபாயாகிறது. இப்போதுதான் வாங்குபவர் கவனிக்கிறார். 'பத்து ரூபாய் ஏற்றிவிட்டார்கள்' என்கிறார். ஆனால் 80 கிராமுக்கு 110 ரூபாய் என்றால் 100 கிராமுக்கு 137 ரூபாய் 50 சதம். நாம் பத்து ரூபாய் என்று நினைத்த இடத்தில் உண்மையான ஏற்றம் 37 ரூபாய் 50 சதம். அதன் பிறகு ஒரு பண்டிகைக் காலத்தில் '20 கிராம் இலவசம்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பக்கெட் வருகிறது. 80உடன் 20ஐக் கூட்டிப் பாருங்கள். முன்பு 100 ரூபாய்க்குக் கிடைத்த அதே 100 கிராம், இப்போது 110 ரூபாய்க்கு, இலவசம் என்ற பெயரோடு வருகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கண் மட்டும் போதாது. பக்கெட்டின் முன்பக்கத்தில் பிஸ்கட்டின் படம் பெரிதாக இருக்கும். நிறை அநேகமாகப் பின்பக்கத்தில், சேர்மானப் பொருட்களின் பட்டியலுக்குக் கீழே, சில வேளை உறையை ஒட்டிய மடிப்பின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 'தேறிய நிறை' என்று தேடுங்கள். உறையின் நிறையை நீக்கிவிட்டு உள்ளே இருக்கும் பொருளின் நிறை மட்டும் எவ்வளவு என்பதே அது. மடிப்பை விரல் நகத்தால் நிமிர்த்திப் பிடித்தால்தான் சில பக்கெட்டுகளில் எண் முழுதாகத் தெரியும். அதன் பக்கத்திலேயே உயர்ந்தபட்ச சில்லறை விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி ஆகியவை மையில் குத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் திகதியையும் விலையையும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறோம். பார்க்க வேண்டிய மூன்றாவது எண்ணும் அங்கேதான் இருக்கிறது.

அளவைக் குறைக்கும் வழிகள் பல. பக்கெட்டில் ஒன்றிரண்டு பிஸ்கட்டைக் குறைக்கலாம். எண்ணிக்கையை மாற்றாமல் ஒவ்வொன்றையும் கொஞ்சம் மெல்லியதாக்கலாம். நடுவில் இருக்கும் கிரீமை இலேசாகத் தடவலாம். உறை பழைய நீளத்திலேயே இருக்க, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் இரு முனைகளிலும் வெற்றிடம் விடலாம். போத்தலின் அடிப்பகுதியை உள்நோக்கிக் குழிவாக்கலாம். சவர்க்காரத்தின் நடுப்பகுதியை வளைவாகச் செதுக்கி, கைக்கு வசதியான வடிவம் என்று விற்கலாம். சிப்ஸ் பக்கெட் மட்டும் சற்று வேறு கதை. அதில் நிரப்பப்படுவது நைதரசன் வாயு. சிப்ஸ் நொறுங்காமலும் எண்ணெய் சிக்குப்பிடிக்காமலும் இருக்க அது வேண்டும். ஆகவே பக்கெட் உப்பியிருப்பதே மோசடி ஆகிவிடாது. அந்த உப்பலை நம்பி வாங்காமல் நிறையைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

உலகமே பேசிய உதாரணம் டொப்லரோன் சொக்லட். மலை முகடுகள் போல முக்கோணம் முக்கோணமாக இருக்கும் அந்த சொக்லட்டை 2016இல் பிரிட்டனில் 170 கிராமிலிருந்து 150 கிராமாகக் குறைத்தார்கள். உறையின் நீளம் மாறவில்லை. முக்கோணங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை அகலமாக்கினார்கள். வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். 2018இல் பழைய வடிவம் திரும்பி வந்தது. மாற்றம் கண்ணுக்குத் தெரிந்ததால்தான் அங்கே எதிர்ப்பு எழுந்தது. பெரும்பாலான குறைப்புகள் அப்படிக் கண்ணில் படுவதில்லை. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிபர அலுவலகம் 2012 தொடக்கம் 2017 நடுப்பகுதி வரை ஆராய்ந்தபோது 2,529 பொருட்கள் அளவில் சுருங்கியிருந்தன. அவற்றில் எத்தனைக்கு யாராவது குரல் கொடுத்திருப்பார்கள்?

அளவைக் குறைக்காமல் தரத்தைக் குறைப்பதும் உண்டு. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பாம் எண்ணெய், பாலுக்குப் பதிலாகப் பால் சுவை. 2025இல் பிரிட்டனில் பெங்குவின், கிளப் ஆகிய இரண்டு பழைய பிஸ்கட்டுகளின் பூச்சில் கொக்கோவைக் குறைத்தபோது, சட்டப்படி 'சொக்லட்' என்று போட முடியாமல் 'சொக்லட் சுவை' என்று மாற்ற வேண்டி வந்தது. இதற்கு நிறையைப் பார்த்துப் பயனில்லை. சேர்மானப் பட்டியலைத்தான் வாசிக்க வேண்டும். பட்டியலில் முதலில் வருவதே பொருளில் அதிகம் இருப்பது.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன? செலவு உண்மையாகவே ஏறுகிறது. அதை மறுக்க முடியாது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை, முழுவதும் இறக்குமதி. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டபோது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்க விட்டபோது, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. அதே நேரத்தில் உக்ரைன் போர் உலகக் கோதுமை விலையைத் தூக்கிவிட்டது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாய். கொழும்பிலிருந்து கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறி ஹற்றன் வந்து, அங்கிருந்து மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ போய், கடைசியில் குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் முச்சக்கர வண்டியில் ஏறி வரும் ஒரு பெட்டி பிஸ்கட்டில் இந்த டீசல் எத்தனை முறை சேருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 2024 ஜனவரியில் வற் வரியும் 18 சதவீதமானது. அதே ஆண்டில் உலகச் சந்தையில் கொக்கோ ஒரு தொன் 10,000 டொலரைத் தாண்டியது.

செலவு ஏறியதால் விலையை ஏற்றுவது வேறு, ஏற்றியது தெரியாமல் ஏற்றுவது வேறு. மனிதருக்கு விலை மனத்தில் நிற்கும், நிறை நிற்காது. போன வாரம் பருப்பு கிலோ எவ்வளவு என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். போன வாரம் வாங்கிய பிஸ்கட் எத்தனை கிராம் என்று கேட்டால் பதில் வராது. அத்தோடு சிறிய தின்பண்டங்களுக்குத் தாளும் நாணயமும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. பிள்ளை கையில் ஐம்பது ரூபாய்த் தாளோடு கடைக்குப் போகிறது. விலை 57 ரூபாயானால் அந்தப் பிள்ளையால் வாங்க முடியாது. கடைக்காரரிடம் சில்லறையும் இருக்காது. ஆகவே ஐம்பது ரூபாயை நிலையாக வைத்து நிறையை இறக்குவதே விற்பவருக்கு வசதி. இது வாங்குபவருக்கும் ஒருவகை உதவிதானே என்று சிலர் வாதிடுவார்கள். 'முன்பு 60 கிராம், இப்போது 50 கிராம்' என்று முகப்பில் எழுதிவிட்டுச் செய்தால் அந்த வாதத்தை ஏற்றுக்கொள்வேன். டொலர் பின்னர் 300 ரூபாய் அளவுக்கு இறங்கியபோது உங்கள் வீட்டுப் பக்கெட்டின் நிறை பழையபடி ஏறியதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிப்படையான ஏற்றம் எப்படி இருக்கும் என்பதற்குப் பால்மாவைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் 400 கிராம் இறக்குமதிப் பால்மா 380 ரூபாயிலிருந்து 480 ரூபாயானது. 2022 மார்ச்சில் 790 ரூபாய். அப்போது தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய். ஒரு நாள் முழுவதும் மலையில் நின்று பறித்த கொழுந்து கிட்டத்தட்ட ஒரு பால்மாப் பக்கெட்டோடு முடிந்துபோனது. கொடுமைதான். ஆனாலும் 400 கிராம் 400 கிராமாகவே இருந்ததால் எல்லோருக்கும் விலை புரிந்தது, கேள்வி கேட்க முடிந்தது, நாடே கேட்டது. மறைமுக ஏற்றம் இந்தக் கேள்வியைத்தான் பறித்துவிடுகிறது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். 'பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள், கடையில் எதுவும் குறையவில்லையே' என்று கேட்காதவர் இல்லை. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் அது 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். ஒரு வருடத்தில், 2023 செப்டெம்பரில், 1.3 சதவீதமாக இறங்கியது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடைச் சாமான் 2022இல் சுமார் 170 ரூபாய். 2023இல் அதற்கு மேல் இரண்டு ரூபாய் சேர்ந்து 172 ரூபாய். வேகம்தான் குறைந்தது, ஏறிய 70 ரூபாய் அப்படியே நிற்கிறது. 2024 செப்டெம்பர் முதல் சில மாதங்கள் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனபோதும் இறங்கியது அந்த 172இலிருந்து சிறு பகுதிதான். 100க்குத் திரும்பவில்லை. அத்தோடு இந்தச் சுட்டெண் கொழும்பு நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை வைத்துக் கணிக்கப்படுவது. நாடு முழுவதற்குமான தேசிய சுட்டெண் தனியாக வெளிவருகிறது. செய்தி கேட்கும்போது எந்தச் சுட்டெண் என்று கவனியுங்கள்.

மறைமுக ஏற்றம் எல்லோரையும் தொட்டாலும் லயத்து வீட்டை அதிகம் அழுத்துகிறது. நகரத்தில் மாதச் சம்பளத்தோடு பெரிய கடைக்குப் போகிறவர் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று வாங்கிவைக்கிறார். தோட்டத்தில் முற்பணமும் சம்பளமும் வந்த கையோடு கடைக் கொப்பியின் பழைய கணக்குக்குப் போய்விடும். மிஞ்சியதில் அன்றாடம் சிறிது சிறிதாகத்தான் வாங்க முடியும்: 50 கிராம் பால்மா, ஒரு சஷே ஷாம்பு, சிறிய பக்கெட் தேயிலை. தேயிலை பறிக்கும் ஊரிலேயே தேயிலையைச் சிறு பக்கெட்டில் வாங்குகிறோம். சிறிய பக்கெட்டில் உறைக்கும் அச்சுக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவு பொருளின் பங்கோடு ஒப்பிட்டால் அதிகம். ஆகவே கிராமுக்கு விலையும் பெரும்பாலும் அதிகம். அத்தோடு சிறிய பக்கெட்டில் ஐந்து கிராம் குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது. விகிதத்தில் பார்த்தால் அது பெரிய வெட்டு. 50 கிராமில் ஐந்து என்றால் பத்தில் ஒன்று. கையில் காசு இல்லாதவர்தான் ஒவ்வொரு கிராமுக்கும் அதிக விலை கொடுக்கிறார். கொப்பியில் கடன் வைத்திருப்பதால் வேறு கடைக்குப் போய் விலை கேட்கவும் தயக்கம்.

தின்பண்டம் குறைந்தால் நல்லதுதானே, பிள்ளைகள் சீனியைக் குறைத்துத் தின்னட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அது நகரத்து வரவேற்பறைப் பேச்சு. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டிய தாய் அடுப்பு மூட்ட நேரமில்லாத நாளில், பிளேன்டீயும் நாலு பிஸ்கட்டும்தான் பிள்ளையின் காலை உணவு. 2016ஆம் ஆண்டின் குடிசனவியல் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதம், தோட்டப் புறத்தில் 31.7 சதவீதம். இந்த நிலையில் பாலிலும் மாவிலும் பருப்பிலும் குறையும் ஒவ்வொரு கிராமும் கணக்கில் வர வேண்டியது.

நிறையைப் பார்ப்பது மலையகத்தாருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய விடயமே அல்ல. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசின் முள்ளையோ திரையின் எண்ணையோ பெண்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தவர்களுக்கு இது தெரியும். சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளில் தண்ணீருக்கு ஒரு கழிவு. கழித்தது அதிகம் என்றால் அந்த இடத்திலேயே சத்தம் எழும். ஒரு கிலோ குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகிவிடக்கூடும், அதாவது முழு நாள் சம்பளம் அரை நாள் சம்பளமாகிவிடக்கூடும் என்பதால் அந்தக் கவனம். கடை மேசையில் பக்கெட்டை எடுக்கும்போதும் நடப்பது அதே நிறுவைதான். தராசு கண்ணில் படாமல் வேறு எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருக்கிறது. கொழுந்துத் தராசின் முன் காட்டும் கண்டிப்பைப் பக்கெட்டின் முன்னும் காட்டலாம்.

அதற்கான கணக்கு ஒன்றே ஒன்றுதான். விலையை நிறையால் வகுத்து நூறால் பெருக்கினால் 100 கிராமின் விலை கிடைக்கும். 85 கிராம் 120 ரூபாய் என்றால் 120ஐ 85ஆல் வகுத்து நூறால் பெருக்க, ஏறத்தாழ 141 ரூபாய். பக்கத்தில் வேறு வகை 190 கிராம் 250 ரூபாய் என்றால் 100 கிராம் ஏறத்தாழ 132 ரூபாய். கைத்தொலைபேசியில் கணிப்பான் இருக்கிறது. ஆறாம், ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் இன்னும் விரைவாகச் சொல்லிவிடும். பெரிய பக்கெட்தான் எப்போதும் மலிவு என்று நம்பிவிடவும் வேண்டாம். 'குடும்பப் பொதி' என்று எழுதியிருந்தாலும் இரண்டு சிறிய பக்கெட் வாங்குவதே இலாபமாக இருக்கும் நேரங்கள் உண்டு. கணக்குப் போட்டால்தான் தெரியும். வீட்டில் அடிக்கடி வாங்கும் ஏழெட்டுப் பொருட்களின் நிறையை மட்டும் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதிவையுங்கள். பழைய உறையொன்றை வைத்திருந்தாலும் போதும். குறைப்பு நடந்ததற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கூட்டாக வாங்குவதும் நடக்கக்கூடியதே. நாலு வீடு சேர்ந்து டவுனில் ஒரு மூட்டை மா வாங்கி நிறுத்துப் பிரித்துக்கொண்டால், சிறு பக்கெட்டுக்குக் கொடுக்கும் மிகைவிலை வீட்டிலேயே நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 80 கிராம் என்று அச்சடித்து 80 கிராம் கொடுத்தால் குற்றமில்லை, நேற்று அது 100 கிராமாக இருந்தாலும். 80 என்று அச்சடித்து 72 கொடுத்தால் குற்றம். அச்சிட்ட உயர்ந்தபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பதும் குற்றம். முதலில் சொன்ன, குற்றமாகாத குறைப்புக்குத்தான் நமக்குப் புதிய விதி தேவை. பிரான்சில் 2024 ஜூலை 1 முதல், அளவு குறைந்து விலை குறையாத பொருளுக்கு அருகில் பெரிய கடைகள் இரண்டு மாதத்துக்கு அறிவிப்பு வைக்க வேண்டும். தென்கொரியாவிலும் அளவைக் குறைத்தால் வாங்குபவருக்கு அறிவிக்க வேண்டும், தவறினால் அபராதம் என்று அதே ஆண்டில் விதி வந்தது. இலங்கையிலும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதிதான் இது.

பாணுக்கு மட்டும் இங்கே தெளிவான அளவு இருக்கிறது. 2024இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வெளியிட்ட வர்த்தமானியின்படி ஓர் இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும். 450 கிராமில் அதிகபட்சம் 13.5 கிராம்தான் குறையலாம். உறையில்லாத பாணை நிறுத்துப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது. கடையில் தராசு இருந்தால் வைத்து நிறுக்கச் சொல்லுங்கள். பணிஸும் ரோல்ஸும் உறையின்றி, நிறை எழுதப்படாமல்தான் வருகின்றன. அங்கே கடைக்காரரோடு பேசுவதைத் தவிர வழியில்லை. அநேகமாக அவரும் நம்மைப் போல் வெளியிலிருந்து வாங்கி விற்பவர்தான். சுருக்கியவர் அவராக இருக்கமாட்டார். அவரிடம் கோபப்படுவதைவிட அடுத்த முறை விநியோக வண்டி வரும்போது நிறை ஏன் குறைந்தது என்று கேட்கச் சொல்வது பயன் தரும்.

அச்சிட்ட நிறையைவிடப் பொருள் குறைவாக இருந்தாலோ, அச்சிட்ட விலைக்கு மேல் விற்றாலோ 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். அழைக்கும் முன் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கொப்பிக் கணக்கில் வாங்குபவர்கள் அன்றைய பொருளுக்காவது ஒரு துண்டுச் சீட்டில் விலையும் திகதியும் எழுதி வாங்குங்கள். பக்கெட்டைப் பிரிக்க வேண்டாம். பிரித்துவிட்டிருந்தால் உறையை எறிந்துவிடாதீர்கள். தொகுதி இலக்கமும் உற்பத்தித் திகதியும் அதில்தான் இருக்கின்றன.